வலி என்பது தடைப்பட்ட ஓட்டமா?

இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடலைத் தலையிலிருந்து கால்வரை பரிசோதித்தால், அவர் செய்யும் வேலை என்ன என்பதை அந்த உடலே சொல்லிவிடும். தலையில் மாட்டிய கூடைக் கயிற்றின் இழுப்பைத் தாங்கித் தாங்கிப் பின்கழுத்துத் தசைகள் இறுகியிருக்கும். தோள்பட்டையின் மேல்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் முகம் சுளிப்பார். மலைச்சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, முன்னால் வளைந்து, இரண்டு கைகளாலும் ஓயாமல் பறிப்பதால் முதுகெலும்பின் இரு மருங்கிலும் ஓடும் தசைகள் கெட்டித்துப் போயிருக்கும். முழங்கால் மடக்கும்போது நோகும். விரல் கணுக்களும் மணிக்கட்டும் காலையில் எழுந்தவுடன் விறைத்திருக்கும்.

பல தோட்டங்களில் ஒரு நாள் பேர் விழுவதற்கு, அதாவது முழு நாள் கூலி கணக்கில் ஏறுவதற்கு, கிட்டத்தட்ட 18 கிலோ கொழுந்து வேண்டும். அந்தப் பாரத்தோடு மலை ஏறி இறங்கி, நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தபின் வலிக்கு என்ன செய்கிறார்கள் என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். கோடாலித் தைலம், சித்தாலேப, சுடுதண்ணி ஒத்தடம். சுளுக்கு வழிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரிடம் போவார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கிடைக்கும். வசதி உள்ளவர்களும், ஊர்விட்டுக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் உள்ளவர்களும் அக்குபங்சர் வைத்தியரைத் தேடிப் போவதும் உண்டு.

ஒரு மெல்லிய ஊசியை முழங்காலுக்குப் பின்னால் ஏற்றினால் இடுப்பு வலி எப்படிக் குறையும்? இந்தக் கேள்விக்குச் சீன மருத்துவம் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு விரிவான விடை வைத்திருக்கிறது. அந்த விடையை ஏற்பவர்களிலும் மறுப்பவர்களிலும் பலர் அதை முழுதாகக் கேட்டதில்லை. இந்த அத்தியாயத்தில் முதலில் அதை அதன் போக்கிலேயே கேட்போம். கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்ணின் முதுகையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பிறகு, இன்றைய அறிவியல் அதில் எதை உறுதி செய்தது, எதைக் கைவிட்டது என்று பார்ப்போம்.

ஊசி வந்த வழி

அந்த விடைக்குள் போகுமுன், ஊசி நம் பக்கம் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1938இல், ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் 1942இல் சீனாவிலேயே இறந்தார். அவருடைய தோழர் பிஜோய் குமார் பாசு ஊர் திரும்பி, 1950களின் பிற்பகுதியில் மறுபடியும் சீனா சென்று அக்குபங்சர் கற்றார். 1959 முதல் கல்கத்தாவில் அதைச் செய்துகாட்டி, இந்தியாவில் இம்மருத்துவத்தை வேர் பிடிக்க வைத்தார்.

இலங்கைக்கும் சீனாவுக்கும் 1952இன் ரப்பர் - அரிசி ஒப்பந்தத்திலிருந்தே நெருக்கம் இருந்தது. மூட்டு நோய் வைத்தியரான அன்டன் ஜயசூரிய 1970களில் சீனாவில் பயிற்சி பெற்றுத் திரும்பி, களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு அரச வைத்தியசாலையில் அக்குபங்சர் சிகிச்சையைத் தொடங்கினார். ஏழை நோயாளிகள் வரிசையில் காத்திருந்த அந்த அரச வைத்தியசாலைக்கு வெளிநாட்டு வைத்தியர்களும் பயிற்சிக்காக வந்தார்கள். இலங்கை முழுவதும் அக்குபங்சர் என்ற பெயர் பரவியதில் அந்த இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மேற்குலகின் கவனம் திரும்பியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை செய்தார்கள். அறுவைக்கு வழக்கமான மயக்க மருந்துதான் கொடுத்தார்கள். அதன்பின் வந்த வயிற்று உபாதைக்கு ஊசி ஏற்றினார்கள். அந்த அனுபவத்தை அவர் எழுதியதும் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் விழித்துக்கொண்டன.

ஆறுகளாக ஓடும் உயிராற்றல்

1973இல் சீனாவின் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் அதில் கிடைத்தன. உடலில் ஓடும் 11 பாதைகளை அவை விவரிக்கின்றன. ஆனால் ஊசியைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. காய்ந்த மூலிகையைத் தோலருகே எரித்துச் சூடு காட்டுவதுதான் அங்கே சொல்லப்பட்ட சிகிச்சை. அதற்குப் பிறகு, ஏறத்தாழ கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற பெருநூலில்தான் பாதைகள் 12 ஆகின்றன, ஊசி முதன்மைக் கருவியாகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபூ மி 349 புள்ளிகளை வரிசைப்படுத்தினார். 1027இல் வாங் வெய்யி என்ற அரசவை மருத்துவர் புள்ளிகள் குறித்த வெண்கல உருவங்களைச் செய்வித்தார். இன்று உலக அளவில் ஏற்கப்பட்ட எண்ணிக்கை 361. ஆக, இந்த மருத்துவம் ஒரே நாளில் ஒரு ஞானியின் வாயிலிருந்து வந்ததன்று. தலைமுறை தலைமுறையாக நோயாளிகளைத் தொட்டும் கேட்டும் திருத்தியும் சேர்த்த அறிவு அது.

அந்த அறிவின் நடுவில் இருப்பது 'சி' என்ற கருத்து. மூச்சாக உள்ளே வருவதும் அதுதான், உணவிலிருந்து பிரிந்து சேர்வதும் அதுதான், பெற்றோரிடமிருந்து பிறப்போடு கிடைப்பதும் அதுதான். உடலைச் சூடாக வைப்பது, அசைப்பது, உறுப்புகளை அதனதன் இடத்தில் நிறுத்துவது, நோயை எதிர்ப்பது எல்லாம் அதன் வேலைகள். நாம் அதை உயிராற்றல் என்றே சொல்லிக்கொள்வோம்.

உயிராற்றல் ஓரிடத்தில் நிற்பதில்லை. 12 முதன்மைப் பாதைகள் வழியாக அது ஓடிக்கொண்டே இருக்கிறது. நெஞ்சிலிருந்து கையின் உட்புறமாக விரல்வரை மூன்று பாதைகள். விரலிலிருந்து கையின் வெளிப்புறமாகத் தலைவரை மூன்று. தலையிலிருந்து கால்வரை மூன்று. காலிலிருந்து மறுபடி நெஞ்சுவரை மூன்று. ஒன்றின் முனை மற்றொன்றின் தொடக்கத்தோடு இணைவதால் இது முடிவில்லாத சுற்று. ஒவ்வொரு பாதையும் நுரையீரல், பெருங்குடல், இரைப்பை, மண்ணீரல் என்று ஓர் உறுப்போடு கட்டுண்டது. இவற்றோடு எட்டுச் சிறப்புப் பாதைகளும் உண்டு. முதன்மைப் பாதைகளில் பெருகிவரும் மிகுதியை வாங்கி வைப்பது அவற்றின் பணி.

பண்டைச் சீன மருத்துவர்கள் இதையெல்லாம் நீரின் மொழியிலேயே நினைத்தார்கள். நெய்ஜிங் நூலின் ஒரு பகுதி 12 பாதைகளையும் சீனாவின் 12 ஆறுகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்துகிறது. விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, கால்விரல் நுனியிலிருந்து முழங்கால்வரை உள்ள ஐந்து முக்கியப் புள்ளிகளுக்கு ஊற்றுக்கிணறு, சுனை, ஓடை, ஆறு, கடல் என்ற வரிசையில் பெயர் வைத்திருக்கிறார்கள். மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டிய சின்னக் கான்கள் பெரிய கானில் விழுகின்றன. பெரிய கான் ஓடையில் சேர்கிறது. ஓடைகள் மஸ்கெலியா ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும் திரண்டு களனி கங்கையாகிக் கடலை அடைகின்றன. ஒரு கான் மண்ணும் சருகும் விழுந்து அடைபட்டால் இரண்டு கேடுகள் நேரும். அடைப்புக்கு மேலே தண்ணீர் தேங்கி மண் சரியும், கீழே செடி காயும்.

சீன மருத்துவத்தில் வலியின் விளக்கமும் இதுவேதான். ஓட்டம் சீராக இருந்தால் வலி இல்லை. ஓட்டம் தடைப்பட்டால் வலி. தேங்கிய இடத்தில் வீக்கம், இறுக்கம், அழுத்தினால் நோவு. ஆற்றல் போய்ச்சேராத இடத்தில் மரத்துப்போதல், குளிர்ச்சி, சோர்வு, தடவிக்கொடுத்தால் இதமாக இருக்கும் ஒரு மந்தமான வலி. தேக்கமா, வறட்சியா என்று பிரித்தறிவது மருத்துவரின் முதல் வேலை. தேக்கத்தைக் கலைக்க ஊசியை ஒருவிதமாகவும், வறட்சியை நிரப்ப வேறுவிதமாகவும் திருகவேண்டும்.

காற்று, குளிர், ஈரம்

அடைப்பு எங்கிருந்து வருகிறது? காரணங்கள் பல. அடக்கிவைத்த கோபம், கவலை முதலான உணர்வுகள் உள்ளிருந்து வருபவை. அடிபடுதல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒவ்வாத உணவு, அதிக உழைப்பு ஆகியவை தனி வகை. வெளியிலிருந்து வருபவை ஆறு. அவற்றில் காற்று, குளிர், ஈரம் மூன்றும் சேர்ந்து உடலில் புகுந்தால் மூட்டும் தசையும் நோகும் 'பீ' என்ற நோய்க்கூட்டம் உண்டாகும் என்கிறது நெய்ஜிங். காற்று ஓங்கினால் வலி இடம் மாறி மாறி ஓடும். குளிர் ஓங்கினால் ஓரிடத்தில் நின்று குத்தும், சூடு பட்டால் தணியும். ஈரம் ஓங்கினால் உடல் பாரமாகும், மூட்டு வீங்கும், மழைநாளில் கூடும்.

1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவையும், தென்மேல் பருவமழை நேராக வந்து மோதும் ஹட்டன், வட்டவளைப் பக்கத்தையும் அறிந்தவர்களுக்கு இந்த மூன்றும் ஏட்டுச் சொற்கள் அல்ல. விடியற்காலைப் பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்கும்போதே இடுப்பில் கட்டிய படங்கு நனைகிறது. மேடேறும்போது வியர்க்கிறது. அந்த வியர்வையின் மேல் மலைக்காற்று அடிக்கிறது. மழை வந்தால் தலையிலிருந்து போர்த்திய கொங்காணி முதுகை ஓரளவு காக்கும், கையும் காலும் ஈரத்திலேயே இருக்கும்.

இதைச் சீன மருத்துவக் கோட்பாடு மிக நுட்பமாக விளக்குகிறது. பாதைகளுக்குள் ஓடும் ஆற்றல் ஊட்டம் தருவது. பாதைகளுக்கு வெளியே, தோலுக்கும் தசைக்கும் இடையில் உலாவும் ஆற்றல் காவல் காப்பது. வியர்வைத் துளைகளைத் திறப்பதும் மூடுவதும் அந்தக் காவலின் பொறுப்பு. உழைப்பால் வியர்க்கும்போது துளைகள் திறக்கின்றன, காவல் தளர்கிறது. அந்த நேரத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டால் அது உள்ளே புகுந்து முதலில் தோலில், பிறகு தசையில், அதன்பின் மூட்டிலும் எலும்பிலும் குடியேறுகிறது. எத்தனை ஆழத்தில் அது இருக்கிறதோ அத்தனை ஆழத்துக்கு ஊசி போகவேண்டும்.

நாடி பார்த்தல், ஊசி ஏற்றல்

நம் எடுத்துக்காட்டுப் பெண் ஒரு மரபுவழி அக்குபங்சர் வைத்தியர் முன் உட்காருகிறார். வைத்தியர் வலியைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். குளிர் தாங்குமா, தூக்கம் எப்படி, மாதவிலக்கு எப்படி, மழைநாளில் வலி கூடுமா, எழுந்தவுடன் அதிகமா, மாலையில் அதிகமா என்று விசாரிப்பார். நாக்கை நீட்டச் சொல்லுவார். வெளிறித் தடித்து, ஓரத்தில் பல் பதிந்து, மேலே வெண்படலம் படிந்திருந்தால் குளிரும் ஈரமும் உள்ளே உள்ளன என்று கொள்வார். பிறகு ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து, மூன்று இடங்களில், மேலோட்டமாகவும் ஆழமாகவும் நாடி பார்ப்பார். இறுகிய நாடி குளிரைக் காட்டும். வழுக்கும் நாடி ஈரத்தைக் காட்டும். ஆழத்தில் மெலிந்த நாடி சிறுநீரகத்தின் ஆற்றல் குன்றியதைக் காட்டும்.

சிறுநீரகம் ஏன் இங்கே வருகிறது? மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தின் அடிப்படையில் உறுப்புகள் வகுக்கப்பட்டுள்ளன. கல்லீரல் மரம், இதயம் நெருப்பு, மண்ணீரல் மண், நுரையீரல் உலோகம், சிறுநீரகம் நீர். ஒன்று அடுத்ததை வளர்க்கும், இன்னொன்றை அடக்கும். நீரைச் சேர்ந்த சிறுநீரகம் எலும்புக்கு அதிபதி, இடுப்பு அதன் இருப்பிடம். அதன் இணை உறுப்பு சிறுநீர்ப்பை. யின் என்ற உள்முக, குளிர்ந்த, அமைதியான இயல்புக்குச் சிறுநீரகமும், யாங் என்ற வெளிமுக, சூடான, இயங்கும் இயல்புக்குச் சிறுநீர்ப்பையும் நிற்கின்றன. இந்தச் சிறுநீரகம் இன்றைய உடற்கூற்றியல் சொல்லும் உறுப்பு மட்டுமன்று. வளர்ச்சி, முதுமை, அச்சம், செவிப்புலன் எல்லாம் சேர்ந்த ஒரு செயல்தொகுதி. இதைக் கவனிக்காமல் படித்தால் அந்நூல்கள் பிதற்றுவதுபோலத் தோன்றும்.

சிறுநீர்ப்பைப் பாதைதான் உடலிலேயே நீளமானது. அதில் 67 புள்ளிகள். கண்ணின் உள்மூலையில் தொடங்கி, உச்சந்தலையைக் கடந்து, பிடரியில் இறங்கி, முதுகெலும்பின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசையாக ஓடி, பின்தொடை, முழங்கால் மடிப்பு, கெண்டைக்கால் வழியாகச் சின்னக் கால்விரலில் முடிகிறது. கூடைக் கயிறு அழுத்தும் தலையிலிருந்து சரிவில் ஊன்றும் பாதம்வரை, அந்தப் பெண்ணுக்கு நோகும் இடங்களில் பெரும்பாலானவற்றை அது தொட்டுச் செல்கிறது.

ஆகவே வைத்தியர் இடுப்புப் பகுதியின் இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில், முதுகெலும்பிலிருந்து இரு விரல் அகலம் தள்ளி உள்ள 'ஷென்ஷு' புள்ளியைத் தேர்ந்தெடுப்பார். தூரத்துப் புள்ளியாக முழங்கால் மடிப்பின் நடுவில் உள்ள 'வெய்ஜோங்' புள்ளியை எடுப்பார். முதுகும் இடுப்பும் நோவும்போது வெய்ஜோங்கை நாடவேண்டும் என்பது மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பழைய விதி. ஒரே ஓட்டத்தின் கீழ்ப்பகுதியைத் திறந்துவிட்டால் மேலே தேங்கியது வடியும் என்பதே அதன் தர்க்கம். புள்ளியின் இடத்தை அளக்கும் கோல் நோயாளியின் கட்டைவிரல் அகலம்தான். உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் அவரவர் உடலே அளவு.

ஊசி போனதும் நோயாளிக்குக் குத்தும் வலி அல்ல, வேறொரு உணர்வு வரவேண்டும். பாரமாக, மதமதப்பாக, உள்ளே விம்முவதாக, சில நேரம் பாதை வழியே இழுத்துக்கொண்டு போவதாக அது இருக்கும். வைத்தியரின் விரலுக்கும் ஊசி கவ்விப்பிடிப்பது தெரியும். உயிராற்றல் வந்து சேர்ந்ததன் அடையாளம் இது என்பது மரபு. குளிர் ஆழமாக இறங்கியிருந்தால், மாசிபத்திரிக்கு உறவான மூலிகையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புள்ளிக்கு அருகில் சூடு காட்டுவார். மாவாங்துய் சுவடியில் இருந்த அதே மூலிகைச் சூடுதான் இது.

நம் மரபில் இதற்கு உறவு

தமிழ் வாசகருக்கு இவற்றில் பல பழகிய குரல்கள். சித்த மருத்துவம் 72,000 நாடிகளையும், அவற்றில் ஓடும் பிராணன், அபானன், வியானன் முதலான பத்து வாயுக்களையும் பேசுகிறது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கிறது. தென்தமிழகத்தின் வர்ம மரபு 108 இடங்களைக் குறித்து, அவற்றை 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று பகுக்கிறது. சுசுருத சங்கிதை 107 மர்மங்களைச் சொல்கிறது. இலங்கையின் யானைப்பாகர்கள் யானை உடலில் 'நில' என்ற புள்ளிகளை அறிந்து, அங்குசத்தால் தொட்டு அதை வழிநடத்துகிறார்கள்.

ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடக் கூடாது. வர்மம் முதலில் காயத்தின் அறிவு. எங்கே அடிபட்டால் உயிர் போகும், அந்த அடியை எப்படி இளக்குவது என்பதில் பிறந்து, கைவிரலாலும் எண்ணெயாலும் செய்யும் மருத்துவமாக வளர்ந்தது. சீன மரபு ஓட்டத்தின் அறிவு. உறுப்புக்கும் தோலுக்கும் இடையே பாதை வரைவதில் அது அக்கறை கொண்டது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. பிணத்தை அறுத்துப் பார்த்துக் கட்டிய அறிவாக அன்றி, உயிருள்ள உடல் தொடும்போது என்ன சொல்கிறது என்று கேட்டுக் கட்டிய அறிவாகவே இரண்டும் பெரிதும் வளர்ந்தன. ஒரு தசையின் முடிச்சை அழுத்தினால் வலி வேறோர் இடத்துக்கு ஓடுவதை எந்த மனிதரும் உணரலாம். அந்த உணர்வு உண்மை. அதை விளக்கத்தான் வரைபடம் பிறந்தது.

உடலைத் திறந்து பார்த்தபோது

இனி மறுபக்கம். இரத்தக் குழாயைப்போல, நரம்பைப்போல, நுண்நோக்கியின் கீழ் காட்டத்தக்க ஒரு 'சி' பாதையை இதுவரை யாரும் நிறுவவில்லை. 1960களில் வடகொரியாவின் கிம் போங்-ஹான் அப்படி ஒரு குழாய்த்தொகுதியைக் கண்டதாக அறிவித்தார். மற்ற ஆய்வாளர்களால் அதை உறுதியாக நிலைநாட்ட முடியவில்லை. உறுப்புகளை ஐந்தாகப் பிரித்த வகுப்பும், 12 பாதைகள் என்ற எண்ணிக்கையும் உடற்கூற்றியலில் ஆதாரம் பெறவில்லை.

ஆனாலும் ஊசி உடலில் ஏதோ செய்கிறது என்பதில் ஐயமில்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும், வலிச்செய்தி முதுகுத்தண்டில் தடையின்றி மூளைக்குப் போய்விடுவதில்லை, அங்கேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு உண்டு என்றார்கள். 1970களில் உடலே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலிதணிப்பான்கள் கண்டுபிடிக்கப்பட்டன. விரைவிலேயே டேவிட் மேயரின் குழுவும் புரூஸ் பொமரன்ஸின் குழுவும், எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் அக்குபங்சர் தரும் வலித்தணிவு குறைகிறது என்று காட்டின. அப்படியானால் ஊசி, உடலின் சொந்த வலிதணிப்பானை எழுப்புகிறது.

2010இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் முழங்காலுக்குக் கீழே உள்ள 'ஜூசான்லி' புள்ளியில் ஊசியைத் திருகினார்கள். அந்த இடத்தில் அடினோசின் என்ற வேதிப்பொருள் ஏறத்தாழ 24 மடங்கு கூடியது, வலியும் தணிந்தது. அடினோசினை வாங்கிக்கொள்ளும் ஏற்பி இல்லாத எலிகளில் வலி தணியவில்லை. 2021இல் சியூஃபூ மாவின் குழு, எலியின் பின்காலில் மென்மையாக மின் ஊசி கொடுத்தால் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பிழைகள் தூண்டப்பட்டு, மூளைவழியாக அட்ரினல் சுரப்பியை இயக்கி அழற்சியை அடக்குகின்றன என்று கண்டது. வயிற்றில் அதே அளவு தூண்டல் கொடுத்தபோது அந்த விளைவு வரவில்லை. காரணம், அந்த நரம்பிழைகள் கால் தசையைச் சுற்றிய ஆழ்ந்த இழைப்படலத்தில்தான் செறிந்திருந்தன. எங்கே குத்துகிறோம் என்பது சில நேரம் உண்மையிலேயே பொருட்டாகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அதை முடிவுசெய்வது நரம்பின் இருப்பு.

ஜெர்மனியின் 1,162 முதுகுகள்

எலியின் காலிலிருந்து மனிதரின் முதுகுக்கு வருவோம். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு மரபுப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மருந்து, இயன்முறைச் சிகிச்சை, உடற்பயிற்சி. ஆறு மாதத்துக்குப் பின் போதிய நிவாரணம் பெற்றவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 விழுக்காடு.

இந்த மூன்று எண்களையும் சேர்த்தே படிக்கவேண்டும். முதல் இரண்டையும் மூன்றாவதோடு ஒப்பிட்டால் ஊசி வழக்கமான சிகிச்சையை நன்றாகவே முந்துகிறது. முதலாவதை இரண்டாவதோடு ஒப்பிட்டால், மரபு இத்தனை கவனமாகக் குறித்த புள்ளி எது என்பதால் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. 2018இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு 39 ஆய்வுகளின் 20,827 நோயாளிகளைத் தனித்தனியாகச் சேர்த்துக் கணக்கிட்டது. சரியான ஊசிக்கும் பொய்யூசிக்கும் இடையே ஒரு சிறிய வேறுபாடு உண்டு என்றும், ஊசிக்கும் ஊசியின்மைக்கும் இடையே அதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு என்றும் அது கண்டது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் இத்தகைய சான்றுகளை வைத்து, 2016இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021இல் நாள்பட்ட முதன்மை வலிக்கு அதை ஒரு வழியாகக் கருதலாம் என்றது.

பொய்யூசியும் வேலை செய்கிறதே, அப்படியானால் எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடலாமா? முடியாது. 1978இல் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் செய்த ஆய்வு, வெறும் நம்பிக்கையால் வந்த வலித்தணிவையும் நலாக்சோன் குறைத்துவிடுவதைக் காட்டியது. நம்பிக்கை, கவனிப்பு, ஒருவர் அரை மணி நேரம் நம் வலியைக் கேட்டு, தொட்டுப் பார்ப்பது ஆகியவையும் மூளையில் எண்டார்ஃபினைச் சுரக்கச் செய்யக்கூடும். நிறுவையிலும் காலையில் ஆள் எண்ணும் பெரட்டிலும் எண்ணாகவே கணக்கிடப்படும் ஒருவருக்கு அப்படிக் கேட்கப்படுவதன் மதிப்பு எத்தனை என்பதை மருத்துவம் அற்பமாக எண்ணக் கூடாது.

எனவே இரண்டு கேள்விகளைப் பிரித்தே கேட்கவேண்டும். ஊசியால் வலி குறையுமா? நாள்பட்ட வலியில் பலருக்கு ஓரளவு குறையும். உயிராற்றல் பாதையில் அடைப்பு நீங்குவதால்தான் அது குறைகிறதா? அதற்குச் சான்று இல்லை. முதல் விடையை வைத்து இரண்டாவதை நிறுவ முயல்வதும், இரண்டாவதை வைத்து முதலாவதை மறுப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பது உயிரையும் காக்கும். இடுப்பு வலியோடு இரண்டு கால்களும் மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்பாடு தவறினால், காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ சேர்ந்தால், அது ஊசிக்குக் காத்திருக்கவேண்டிய வலி அல்ல. உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்து, ஓட்டம் சரியானால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய ஊசியாக இருக்கவேண்டும். தோளின் மேல்விளிம்பில் கூடைக்காரருக்கு அதிகம் நோகும் இடத்துக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் அங்கே ஆழமாக ஏற்றினால் நுரையீரல் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு.

வேரும் கிளையும்

சீன மருத்துவத்தின் எல்லாக் கருத்துகளையும் சோதனைச்சாலை ஏற்கவில்லை. ஆனால் அதில் ஒரு கருத்துக்கு எந்தச் சோதனைச்சாலையின் அனுமதியும் தேவையில்லை. நோயில் வேரும் கிளையும் உண்டு என்று நெய்ஜிங் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் வலி கிளை. அதை உண்டாக்கும் காரணம் வேர். அவசரத்தில் கிளையைக் கவனி, ஆனால் வேரை மறந்துவிடாதே என்பது அதன் போதனை. நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட வருமுன் காப்பதே உயர்ந்தது என்றும் அந்நூல் வற்புறுத்துகிறது.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுகை இந்த அளவுகோலால் பார்த்தால், முழங்கால் மடிப்பில் ஏற்றும் ஊசி கிளைக்கான மருத்துவம்தான். தைலமும் பனடோலும் அப்படியே. அவை வேண்டும். அவற்றால் இன்றிரவு தூங்க முடியும். ஆனால் அவர் மறுநாள் விடிந்ததும் அதே சரிவில், அதே ஈரத்தில், அதே பாரத்தைத் தலையில் தொங்கவிட்டு நிற்பாரானால், சீன மருத்துவத்தின் சொந்த விதிப்படியே அந்தச் சிகிச்சை பாதியில் நின்ற சிகிச்சை.

வேர் எங்கே என்பதும் நமக்குத் தெரியும். நிறுவை அடிக்கடியும் அருகிலும் நடந்தால் சுமக்கும் தூரம் குறையும். பாரத்தைத் தலைக்குப் பதில் இரு தோள்களுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்தால் கழுத்து தப்பும். நனையாத உடையும், உடை மாற்ற ஓர் இடமும், குனிந்த முதுகை நிமிர்த்த நடுவில் சில நிமிட ஓய்வும் மலையில் முடியாதவை அல்ல. தோட்டத்து டிஸ்பென்சரியில் முதுகுவலிக்கு வருபவர்களை எழுதிவைத்து, எந்த மலையில், எந்த வேலையில், எந்த வயதில் வலி தொடங்குகிறது என்று கணக்கெடுத்தால், எங்கே எதை மாற்றவேண்டும் என்பது தெளியும். இவை மருத்துவக் கடமைகள். வலியைத் தடைப்பட்ட ஓட்டம் என்று நம்புகிறவரும், நரம்பின் செய்தி என்று அறிந்தவரும் இதில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கவேண்டும்: தடையை உடலுக்குள் மட்டும் தேடுகிற வைத்தியம், அது எந்த நாட்டு வைத்தியமானாலும், இந்த மலையில் போதாது.